டிப்ளமோவுக்குப் பின் பொறியியல்: சேர்வதும் மூன்றே வருடத்தில் முடிப்பதும்

 

ஒவ்வொரு வருடமும் டிப்ளமோ ரிசல்ட் வந்ததும் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கல்வி உதவி மனுக்கள் வரத் தொடங்கும். பாலிடெக்னிக் முடித்த பிள்ளைகள் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் வருடம் சேர்வதற்கான மனுக்கள் அவற்றில் நிறைய. பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள். "பாய், பையனுக்கு சீட்டு கிடைச்சிருச்சு. சேர்க்கிறதுக்கு மட்டும் உதவி பண்ணுங்க. அப்புறம் நாங்க பார்த்துக்கிறோம்."

"அப்புறம்" என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சேர்வதற்கு ஒரு நாள் போதும். முடிப்பதற்கு ஆறு செமஸ்டர் ஆகும். முதல் நாளுக்கு வேண்டிய பணத்தையும் துஆவையும் திரட்டும் நாம், மீதி ஆறு செமஸ்டருக்கு என்ன ஏற்பாடு என்று உட்கார்ந்து பேசுவதில்லை. பிள்ளை அரியர் வைத்து, வருடம் தள்ளிப்போய், கடைசியில் பட்டம் கைக்கு வராமலே வளைகுடாவுக்கு விமானம் ஏறுவதை நம் தெருக்களில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். படிப்பை விட்டவர்களில் பெரும்பாலோர் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். கணக்குப் போடாமல் இறங்கியவர்கள்.

ஆகவே அந்தக் கணக்கை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

முதல் கணக்கு: ஆறு வருடம்

பத்தாம் வகுப்புக்குப் பின் பொறியியல் பட்டத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. பிளஸ் டூ இரண்டு வருடம், பி.இ. நான்கு வருடம், ஆக ஆறு வருடம் என்பது ஒன்று. டிப்ளமோ மூன்று வருடம், பிறகு நேரடி இரண்டாம் வருடத்தில் சேர்ந்து மூன்று வருடம், ஆக ஆறு வருடம் என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே காலம்தான். டிப்ளமோ வழியில் வருபவருக்கு நடுவிலேயே ஒரு தொழிற்கல்விச் சான்றிதழ் கைக்கு வந்துவிடுகிறது என்பது கூடுதல் நன்மை. வீட்டில் ஏதேனும் கஷ்டம் வந்தாலும் அதை வைத்து வேலைக்குப் போகலாம். தொழிற்கூடத்தில் கை பழகியிருப்பதால் லேப் பாடங்களில் இந்தப் பிள்ளைகள் பொதுவாக முன்னால் நிற்பார்கள்.

ஆனால் இந்த ஆறு வருடக் கணக்கு, ஒரு செமஸ்டரும் வீணாகாமல் படித்தால் மட்டுமே சரியாக வரும். சாண்ட்விச் டிப்ளமோ என்றால் அதற்கே மூன்றரை வருடம். டிப்ளமோவில் ஒரு அரியர் நின்றால் ஏழு வருடம். பொறியியலில் அரியர் நின்றால் எட்டு, ஒன்பது என்று போகும். பிளஸ் டூ படித்துப் போன கூட்டாளி சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகும் நம் பிள்ளை தேர்வுக்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பான்.

டிப்ளமோ கடைசி வருடத்திலேயே செய்ய வேண்டியவை

நேரடி இரண்டாம் வருடச் சேர்க்கைக்குத் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு கிடையாது. டிப்ளமோ மதிப்பெண்தான் தரவரிசையை முடிவு செய்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கீழ் நடக்கும் இந்தக் கவுன்சலிங்கைப் பல வருடங்களாகக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தி வந்திருக்கிறது. விண்ணப்பம் ஆன்லைனில்தான். வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் அறிவிப்பு வரும். பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர்களும், பிளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால், இதே வழியில் இரண்டாம் வருடம் சேரலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

முதல் வேலை, டிப்ளமோவில் ஒரு அரியர்கூட இல்லாமல் ஏப்ரல் தேர்வோடு முடிப்பது. "ஒரே ஒரு பேப்பர்தானே, அக்டோபரில் எழுதிவிடலாம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அக்டோபரில் எழுதிப் பாஸாகலாம். ஆனால் அதற்குள் சேர்க்கை முடிந்து, வகுப்பும் பாதி நடந்திருக்கும். அடுத்த ஜூன் வரை வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஒரு பேப்பரின் விலை ஒரு வருடம்.

இரண்டாவது வேலை, காகிதங்கள். சாதிச் சான்றிதழ் சரியாக இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதைப் பெற, சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் பட்டியலில் உள்ள பிரிவு எழுதப்பட்டிருக்க வேண்டும். லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதில் அடக்கம்), தக்கனி முஸ்லிம், ஷேக், சையத், மாப்பிள்ளா, அன்சார், தூதேகுலா ஆகியவை அந்தப் பிரிவுகள். வெறுமனே "இஸ்லாம்" அல்லது "முஸ்லிம்" என்று இருந்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அலுவலகம் வழியாக வந்து சேர நாளாகும். கவுன்சலிங் வாரத்தில் ஓடினால் நடக்காது.

அதோடு பெயர்ப் பிரச்சினை. முஹம்மது, அப்துல், ஷேக் என்று தொடங்கும் நம் பிள்ளைகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் பள்ளி மார்க் ஷீட்டில் ஒரு எழுத்துக்கூட்டு, ஆதாரில் இன்னொன்று, பேங்க் பாஸ்புக்கில் வேறொன்று என்று இருக்கின்றன. இன்ஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். உதவித்தொகை விண்ணப்பம் தள்ளுபடியாக இது ஒன்றே போதும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்வதே எளிய வழி.

குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள். தமிழக அரசு 2010-11 கல்வியாண்டிலிருந்து கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிகளுக்குக் கற்பிப்புக் கட்டணச் சலுகை தருகிறது. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தால் இது கிடைக்காது.

வீடு தேடி வரும் ஏஜெண்ட்

டிப்ளமோ தேர்வு முடிந்த வாரத்திலேயே சிலர் வீடு தேடி வருவார்கள். "கவுன்சலிங் எல்லாம் அலைச்சல், நல்ல காலேஜ் நான் வாங்கித் தருகிறேன், ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் கொடுங்கள், பஸ் இலவசம், பீஸில் தள்ளுபடி" என்பார்கள். அவர்களிடம் அட்மிஷன் போட்டால் அது நிர்வாக ஒதுக்கீடு. அப்போதே இரண்டு இழப்புகள் வந்துவிடும். கவுன்சலிங் வழியாகச் சேர்பவருக்கு மட்டுமே உள்ள முதல் பட்டதாரிச் சலுகை போய்விடும். அரசு ஒதுக்கீட்டுக்கு என்று நிர்ணயித்த குறைந்த கட்டணமும் போய்விடும். முதல் வருடம் தந்த "தள்ளுபடி" இரண்டாம் வருடமும் தொடரும் என்பதற்கு எழுத்து எதுவும் இருக்காது.

ஒரிஜினல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி அவற்றைப் பிடித்து வைக்கக்கூடாது என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. அப்படியிருக்க, ஏஜெண்டிடம் கொடுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று கேள்விகள் கேளுங்கள். நேரடி இரண்டாம் வருடம் சேர்ந்தவர்களுக்குக் கணிதத்தில் தனிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறீர்களா? போன வருடம் இந்தப் பிரிவில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் முடித்தார்கள்? கல்லூரி தன்னாட்சி பெற்றதா, அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு முறையில் இயங்குவதா? தன்னாட்சிக் கல்லூரி என்றால் வினாத்தாளும் விதிகளும் அந்தக் கல்லூரியினுடையவை. அவற்றை எழுத்தில் வாங்கிப் படியுங்கள்.

நம் சமுதாயம் நடத்தும் கல்லூரிகளில்தான் சேர வேண்டும் என்று சிலர் உறுதியாக இருப்பார்கள். கீழக்கரை முகம்மது சதக் பொறியியல் கல்லூரி, மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் பொறியியல் கல்லூரி போன்றவை நம் பெரியவர்கள் உழைப்பில் எழுந்தவை. சிறுபான்மைக் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் ஒரு பங்கைக் கவுன்சலிங்குக்குத் தருகின்றன. ஆகவே அங்கே சேர விரும்பினாலும் கவுன்சலிங் வழியாகவே முயன்று பாருங்கள்.

மூன்றாம் செமஸ்டரில்தான் எல்லாம் இருக்கிறது

நேரடியாகச் சேரும் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் என்பது உண்மையில் கல்லூரியின் மூன்றாம் செமஸ்டர். மற்ற மாணவர்கள் ஒரு வருடம் அங்கே படித்துவிட்டு அந்த வகுப்புக்கு வருகிறார்கள். பொறியியல் கணிதத்தில் இரண்டு பாடம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் எல்லாம் முடித்திருப்பார்கள். நம் பிள்ளைக்கு அவற்றிலிருந்து விலக்கு உண்டு. தேர்வு எழுதத் தேவையில்லை என்பதுதான் விலக்கு. அந்த அறிவு தேவையில்லை என்று அர்த்தமல்ல.

டிப்ளமோவில் கணிதம் முதல் வருடத்தோடு முடிந்துவிடுகிறது. பிறகு இரண்டு வருடம் பிள்ளைகள் கணிதப் புத்தகத்தைத் தொடுவதில்லை. அப்படியே வந்து மூன்றாம் செமஸ்டரில் உட்கார்ந்தால், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி மெக்கானிக்கல், சிவில் மாணவருக்கு டிரான்ஸ்ஃபார்ம்ஸ் மற்றும் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் காத்திருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு டிஸ்கிரீட் மேதமேடிக்ஸ். எலக்ட்ரிகல் மாணவருக்கு ப்ராபபிலிட்டி மற்றும் காம்ப்ளக்ஸ் ஃபங்ஷன்ஸ். ஃபூரியர் சீரீஸ் கணக்கில் முதல் வரியிலேயே தொகையிடல் வரும். அது கை பழகாதவனுக்கு ஆசிரியர் என்ன சொன்னாலும் கரும்பலகை வெறும் கோலமாகத்தான் தெரியும்.

நேரடிச் சேர்க்கை மாணவர்களின் முதல் அரியர் பெரும்பாலும் இந்தக் கணிதத் தாள்தான். அடுத்த செமஸ்டரில் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருப்பதால் புதுப் பாடத்தில் ஒன்று போகும். இப்படி ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி விடுகிறது.

இதற்கு மருந்து எளியது. ஏப்ரல் தேர்வுக்கும் கல்லூரி திறப்பதற்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மாதம் கிடைக்கும். தினமும் ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம், பிளஸ் ஒன், பிளஸ் டூ கணிதப் புத்தகங்களை வைத்து வகையிடல், தொகையிடல், அணிகள் ஆகிய மூன்றை மட்டும் போட்டுப் பழக வேண்டும். அரசுப் பாடப் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. தமிழ்வழியில் படித்த பிள்ளை தமிழில் புரிந்துகொண்டு, அதே பக்கத்தை ஆங்கிலத்தில் படிக்கட்டும். பிளஸ் டூ முடித்து பி.இ. இரண்டாம் வருடம் போகும் பிள்ளை அதே தெருவில் இருப்பார். அவரது முதல் வருட நோட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். இதற்குப் பணமே தேவையில்லை.

மார்க்கும் வருகைப் பதிவும்

2021 விதிமுறைப்படி ஒரு தியரி பாடத்தில் கல்லூரி தரும் இன்டர்னல் மார்க் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. பாஸாக இரண்டும் சேர்ந்து 50 வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வில் தனியாகக் குறைந்தது 45 சதவீதம், அதாவது 60-க்கு 27 எடுத்திருக்கவும் வேண்டும்.

இன்டர்னலில் 36 வாங்கிய பிள்ளை தேர்வில் 27 எடுத்தால் போதும். இன்டர்னலில் 15 வாங்கிய பிள்ளை அதே தேர்வில் 35 எடுக்க வேண்டும். நூற்றுக்கு என்று பார்த்தால் ஒருவருக்கு 45 போதும், மற்றவருக்கு 59 வேண்டும். இன்டர்னல் தேர்வையும் அசைன்மெண்டையும் அலட்சியம் செய்பவர் தன் தலையில் தானே பாரம் ஏற்றிக்கொள்கிறார். விதிமுறைகள் சில வருடங்களுக்கு ஒரு முறை மாறும். பிள்ளை எந்த வருட விதிமுறையின் கீழ் வருகிறார் என்று சேரும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வருகைப் பதிவு. 75 சதவீதம் இருந்தால்தான் ஹால் டிக்கெட். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு உரிய சான்றோடு 65 வரை தளர்த்துவார்கள். அதற்கும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது. அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும். அதே செமஸ்டர் மறுபடியும் அடுத்த வருடம்தான் வரும் என்பதால் ஒரு வருடம் போய்விடும். கவுன்சலிங் முடிந்து நம் பிள்ளைகள் போய்ச் சேரும்போது சில கல்லூரிகளில் வகுப்பு தொடங்கியிருக்கும். விட்டுப்போன நாட்கள் எப்படிக் கணக்காகும் என்பதை முதல் நாளே அலுவலகத்தில் கேளுங்கள்.

இங்கே நம் பிள்ளைகளுக்கென்று ஒரு விஷயம் உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும் மாணவர், தொழுகை முடிந்து திரும்பாமல் அப்படியே வீட்டுக்கு வந்துவிடுவதைப் பார்க்கிறோம். ஒரு செமஸ்டரில் சுமார் 15 வாரம். 15 பிற்பகல் என்றால் ஏழரை நாள். செமஸ்டரின் ஏறக்குறைய 75 வேலை நாட்களில் இது பத்தில் ஒரு பங்கு. ஜும்ஆ கடமை, அதில் பேச்சில்லை. ஆனால் தொழுகை முடிந்தபின் தன் வேலைக்குத் திரும்புவதுதான் நம் மார்க்கம் கற்றுத் தரும் ஒழுங்கு. கல்லூரிக்கு அருகில் குத்பா சீக்கிரம் தொடங்கும் பள்ளிவாசல் எது என்று விசாரித்து, துறைத் தலைவரிடம் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லி அனுமதி பெற்றுப் போய்விட்டு, அடுத்த பீரியடுக்குள் திரும்புங்கள். கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை. சொல்லாமல் போவதுதான் மனக்கசப்பை உண்டாக்குகிறது.

ரமலானும் அப்படியே. ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னதாக வரும் மாதம் அது. இந்த வருடங்களில் இரட்டைப்படை செமஸ்டரின் இன்டர்னல் தேர்வுக் காலத்தை ஒட்டி வருகிறது. தராவீஹுக்குப் பின் இரவெல்லாம் தெருவில் நின்று பேசிவிட்டு, ஸஹர் முடித்துத் தூங்கி, காலை வகுப்பைத் தவறவிடுவது நோன்பின் தவறல்ல. ஸஹருக்கு எழும் வீட்டில் ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு மணி நேரம் படிப்பு என்று உம்மாமார்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தால், அந்த மாதமே படிப்புக்கு மிக நல்ல மாதமாகிவிடும்.

அரியர் விழுந்துவிட்டால்

விழுந்துவிட்டால் மறைக்காதீர்கள். பிள்ளைகள் வீட்டில் சொல்லப் பயந்து மறைப்பதால்தான் ஒன்று ஐந்தாகிறது. பெற்றோரும் கோபத்தில் "படிச்சது போதும், மாமா கடைக்குப் போ" என்று சொல்லிவிட வேண்டாம்.

ரிசல்ட்டில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறிப்பிட்ட சில நாட்களே அவகாசம் தருவார்கள். பழைய அரியர்களை ஒவ்வொரு செமஸ்டர் தேர்வோடும் எழுத வாய்ப்புண்டு. உடனடி அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடிக்க வேண்டும். ஆண்டு தள்ளத் தள்ளப் பாடம் மறந்துபோகும், பாடத்திட்டமும் மாறிவிடலாம்.

எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். நேரடி இரண்டாம் வருடம் சேர்ந்தவர் சாதாரணமாக ஆறு செமஸ்டரில் முடிக்க வேண்டும். எவ்வளவு தாமதமானாலும் 12 செமஸ்டருக்குள், அதாவது ஆறு வருடத்துக்குள் முடித்தாக வேண்டும். முதல் வகுப்பு வேண்டுமென்றால் நான்கு வருடத்துக்குள் எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். 2021 விதிமுறைப்படி சராசரித் தரப்புள்ளி 6.50-க்குக் குறையக்கூடாது. "ஆறு வருடம் இருக்கிறதே" என்று பிள்ளைகள் நிம்மதி அடையக்கூடாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் கம்பெனிகளில் பல, நிலுவையில் அரியர் உள்ளவரை உட்காரவே விடுவதில்லை. பத்தாம் வகுப்பு, டிப்ளமோ, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்பவையும் உண்டு. கடைசி வருடத்தில் வரும் அந்த வாய்ப்பு பிறகு கல்லூரி வழியாக வராது.

பெண் பிள்ளைகள் விஷயம்

நம் பெண் பிள்ளைகள் பாலிடெக்னிக்கிலும் பொறியியலிலும் நன்றாகவே படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அவர்களுடைய படிப்பு நின்றுபோவதற்கு அரியரைவிட, நடுவில் வைக்கும் நிக்காஹ்தான் பல இடங்களில் காரணமாகிறது. நல்ல சம்பந்தம் வந்தால் பேசி முடிப்பது பெற்றோர் உரிமை. ஆனால் கடைசி இரண்டு செமஸ்டர் மீதமிருக்கும்போது தேதி வைத்து, "மாப்பிள்ளை வீட்டில் படிக்க வைப்பார்கள்" என்று வாய்வார்த்தையாக நம்பி அனுப்பினால், பெரும்பாலும் அந்தப் பெண் திரும்பக் கல்லூரிக்குப் போவதில்லை. சம்பந்தம் பேசும் சபையிலேயே, படிப்பு எந்த மாதம் முடிகிறது, நிக்காஹ் அதற்குப் பிறகா, முன்னே என்றால் மீதி செமஸ்டரை எங்கிருந்து படிப்பாள் என்பதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நிக்காஹ் தேதியைத் தேர்வு அட்டவணையைப் பார்த்து வையுங்கள். மஹரைப் பேசும் இடத்தில் இதைப் பேசுவதில் கூச்சம் ஒன்றுமில்லை.

பிரசவம், உடல்நலக் குறைவு போன்ற காரணங்களால் இடையில் நிறுத்த வேண்டி வந்தால், சும்மா நின்றுவிடாதீர்கள். கல்லூரி முதல்வர் வழியாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, 'பிரேக் ஆஃப் ஸ்டடி' அனுமதி பெறுங்கள். அனுமதியோடு நின்றவர் திரும்பி வருவது எளிது. சொல்லாமல் நின்றவர் வருகைப் பதிவுக் குறைவு என்ற கணக்கில் போய்விடுவார். ஆனால் இடைவெளிக் காலமும் மொத்த ஆறு வருடத்தில் சேர்ந்துதான் எண்ணப்படும்.

பணக் கணக்கு

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஆறு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு செமஸ்டர். கல்லூரிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பஸ் அல்லது ஹாஸ்டல், புத்தகம், கடைசி வருடத்தில் ப்ராஜெக்ட் செலவு என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். எதிரே, அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள். எந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறதோ, அங்கேதான் படிப்பு நிற்கும். அந்த இடத்தை முதலிலேயே கண்டுகொண்டால் வழி தேட நேரம் இருக்கும். பீஸ் கட்டக் கடைசி நாளில் நகையோடு அடகுக் கடைக்குப் போகும் நிலை வராது.

அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. டிப்ளமோவிலேயே இதைப் பெற்றவர்கள், கல்லூரி மாறும்போது தொடர என்ன செய்ய வேண்டும் என்று புதிய கல்லூரியின் பொறுப்பாளரிடம் முதல் வாரமே கேளுங்கள். பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நலத்துறையின் உதவித்தொகைக்கு ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். முதல் வருடம் வாங்கிவிட்டு இரண்டாம் வருடம் விட்டுவிடுபவர்கள் உண்டு.

வட்டிக் கடன் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அந்தத் தயக்கத்தை நாம் மதிக்கிறோம். டிரஸ்டின் கர்ழன் ஹஸனா நிதி இருப்பது அதற்காகத்தான். ஜகாத் நிதியிலிருந்து உதவி என்றால், அந்தக் குடும்பம் ஜகாத் பெறத் தகுதியுள்ளதா என்று ஆலிம்களிடம் கேட்டே கொடுக்கிறோம். எந்த நிதியானாலும் அது அமானத். வாங்கும் மாணவர் வகுப்புக்குப் போவதும் தேர்வில் தேறுவதும் அந்த அமானத்தைக் காப்பதுதான்.

இப்போது முடியாது என்றால்

எல்லோரும் உடனே பொறியியல் சேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. வாப்பாவுக்கு உடல்நிலை சரியில்லை, மூத்த பிள்ளை சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும் என்ற வீடுகள் இருக்கின்றன. அந்த நிலையில் பீஸ் கட்டிச் சேர்ந்துவிட்டு, பகலில் வேலைக்கும் போய், வருகைப் பதிவு குறைந்து, வருடத்தையும் பணத்தையும் இழப்பதைவிட, நேர்மையாகக் கணக்குப் போட்டு வேலைக்குப் போவது மேல். டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு, சில அரசு மற்றும் அரசு உதவி பெறும் பொறியியல் கல்லூரிகளில் மாலை நேரப் பகுதிநேர பி.இ. இருக்கிறது. அது ஏழு செமஸ்டர், மூன்றரை வருடம். வேலை அனுபவச் சான்று கேட்பார்கள். முழுநேரப் படிப்பைவிட ஒரே ஒரு செமஸ்டர்தான் கூடுதல். சம்பளமும் நிற்காது.

டிரஸ்டிலிருந்து ஒரு வேண்டுகோள்

கல்வி உதவி கேட்டு வருபவர்கள் சேர்க்கைக் கடிதத்தோடு, மேலே சொன்ன ஆறு கட்டத் தாளையும் எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் வந்து சொன்னால் நாங்களே எழுதித் தருகிறோம். ஏற்கெனவே உதவி பெறும் மாணவர்கள் ஒவ்வொரு செமஸ்டர் ரிசல்ட்டையும் கொண்டு வந்து காட்டுங்கள். அரியர் இருந்தால் உதவி நின்றுவிடும் என்று பயந்து வராமல் இருக்க வேண்டாம். யாருக்கு எந்தப் பாடம் போயிருக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பாடத்தில் தேறிய நம் மூத்த மாணவர்களை வைத்துச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம்.

பொறியியல் முடித்து வேலையில் இருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களிடம் நாங்கள் கேட்பது பணம் மட்டுமல்ல. விடுமுறையில் ஊருக்கு வரும்போது இரண்டு மணி நேரம் கணிதம் சொல்லிக் கொடுங்கள். உங்கள் பழைய நோட்டுகளை அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். அலுவலகம் தினமும் அஸருக்குப் பின் மஃரிப் வரை திறந்திருக்கும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் காலத்திலும் பரக்கத் செய்வானாக. தொடங்கியதை நல்லபடியாக முடிக்கும் தவ்ஃபீக்கைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்